பந்தி நேரத்துப் பிலஹரி

பொம்மிடி

அன்புள்ள தம்பிக்கு,

அரூர்க் கல்யாண வரவேற்பில் நாயனத்தில் முழுக்கச் சினிமாப் பாட்டே வாசித்துவிட்டு வந்து, "என் வித்தை கெட்டுப்போகுமா ஐயா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இந்தப் பயத்தை உனக்கு ஊட்டியவர் யாரோ, அவர் மேல்தான் எனக்குக் கோபம்.

1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் நாயனம் பிடித்தவர் ஜெமினி கணேசன். ஊதியவர் காருகுறிச்சி அருணாசலம். எஸ். ஜானகியின் குரலோடு போட்டிபோடும் அந்த ஆபேரி ராகப் பாட்டை மறுபடி கேள். சினிமாதானே என்று மட்டமாக வாசித்த இடம் ஒன்று காட்டு, பார்க்கலாம். அவருடைய குரு டி. என். ராஜரத்தினம் பிள்ளை 1940-இல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். அதனால் அவருடைய தோடி இளைத்துப் போயிற்றா?

உன்னைப் பயமுறுத்துகிறவர்கள் அடுத்து பாடகர் எம். டி. ராமநாதனைச் சொல்வார்கள். உண்மைதான். சபை வேகத்தைக் கேட்டபோதும் அவர் விளம்ப காலத்தை விடவில்லை. சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைக்காமலே 1984-இல் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவருக்குக் கலாக்ஷேத்திராவில் ஆசிரியர் வேலை இருந்ததை மட்டும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நான் ரொம்ப நாளாகச் சொல்லி வருவது இதுதான்: தன் பாணியில் பிடிவாதமாக நின்ற வித்துவான் யாராக இருந்தாலும், அவர் வீட்டு அரிசிக்கு யார் பொறுப்பு என்று முதலில் விசாரி. உ. வே. சா.வின் 'என் சரித்திரம்' படித்திருக்கிறாயா? படித்திருக்கமாட்டாய், கைபேசியை வைத்துவிட்டுப் படி. அதில் கனம் கிருஷ்ணையர் வருவார். கன மார்க்கம் என்ற அபூர்வமான பாடும் முறையைக் கட்டிக் காத்தவர். உடையார்பாளையம் ஜமீன் அவரை ஆதரித்தது. ராஜரத்தினத்துக்கோ திருவாவடுதுறை ஆதீனம். உனக்கு ஜமீனும் இல்லை, மடமும் இல்லை. தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்தாரே என்று யாராவது ஆரம்பித்தால், உன் நாயனத்துச் சீவாளிக்கு அப்படிச் சொல்கிறவர் காசு கொடுப்பாரா என்று கேள். வரவேற்பில் வரும் பணம்தான் உன் ஜமீன். வெட்கப்படாமல் வாங்கு.

ஆனால் வாங்கிய பணத்தை என்ன செய்கிறாய்? புது ஸ்பீக்கர் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பணம் உனக்கு ஆடி மாதத்தை வாங்கித் தரவேண்டும். முகூர்த்தம் இல்லாத அந்த மாதம் முழுக்க விடியற்காலையில் உட்கார்ந்து ராகம் ஊது. சும்மா இருக்கிறோமே என்று செண்டைமேளக்காரர்களோடு சேர்ந்து ஊர்வலத்துக்குப் போகாதே.

இன்னொன்று. கல்யாணத்தன்று காலை டிபன் பந்தி நடக்கும்போது உன்னிடம் யாரும் பாட்டுக் கேட்கமாட்டார்கள். எல்லார் கவனமும் இலையில் இருக்கும். அந்த நேரம் உன்னுடையது. பிலஹரியை எடுத்து, தவில்காரர் முறைத்தாலும் விடாமல் விஸ்தாரமாக வாசி. கேட்கிற ஒரு கிழவனாவது அந்தப் பந்தியில் இருப்பான்.

அடுத்த முறை வரும்போது நாயனத்தோடு வா. கரகரப்பிரியா ஆலாபனை வேண்டும். சினிமாப் பாட்டை நான் ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் ஐயா