முசுற்று ராணியைப் பேணிப் புதுக்குடி அமைக்கும் முறை

மாந்தோப்பில் இலைகளை இழைத்துப் பந்துபோற் கூடுகட்டி வாழும் செந்நிற முசுற்றெறும்பை அறியாத குடியானவர் இலர். மரமேறுவோரைக் கடித்து, கடிவாயில் அமிலத்தையும் பீச்சுவதால், கண்டவிடத்துக் கூட்டைக் கொளுத்திவிடுவோர் பலர். ஆயினும் இவ்வெறும்பு தோப்பிற்குக் காவற்காரன் என்பதைச் சீன தேசத்தார் நெடுங்காலமாக அறிவர். கி.பி. 304-இல் இயற்றப்பட்டதாகக் கூறப்படும் சீன நூலொன்றில், கிச்சிலி மரங்களைப் பூச்சிகளினின்று காக்கும்பொருட்டு இதன் கூடுகள் சந்தையில் விற்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. எறும்புகள் மரத்துக்கு மரம் செல்ல மூங்கிற் பாலமிடும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் மா, முந்திரி ஆகியவற்றைத் தாக்கும் பல பூச்சிகளை இது அடக்குவது ஆராய்ச்சிகளால் தெரியவந்துள்ளது.

ராணியில்லாக் கூடு பயன்படாது

ஒரு குடியின் கூடுகள் பல மரங்களிற் பரவியிருப்பினும், ராணி இருப்பது அவற்றுள் ஏதோ ஒன்றில்தான். ஆகவே கைக்கெட்டிய சில கூடுகளை அறுத்துவந்து தம் தோப்பிற் கட்டுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். ராணியற்ற வேலைக்கார எறும்புகள் இடும் முட்டைகள் கருவுறாதவை; அவற்றினின்று ஆண் எறும்புகளே பிறக்கும்; அவை வேலை செய்யா. சில மாதங்களில் அக்குடி தேய்ந்தொழியும். எனவே ராணியினின்றே தொடங்குவது உறுதியான வழியாகும்.

ராணி படும் இடர்

மழைக்காலத்தில் இறகு முளைத்த ராணிகள் பறந்து சென்று ஆணுடன் கூடி, பின்னர் இறகுகளை உதிர்த்துவிட்டுச் சுருண்ட இலையினுள் ஒளியும். பச்சை கலந்த நிறமும், வேலைக்கார எறும்பினும் மிகப் பருத்த வயிறும் இதன் அடையாளம். இக்காலத்தில் அது இரைதேடி வெளிவருவதில்லை. தன் உடற்கொழுப்பையும், இனிப் பயன்படாத இறகுத் தசைகளையும் கரைத்தே முதற் குஞ்சுகளை ஊட்டி வளர்க்கிறது. முட்டை எறும்பாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் பிற எறும்புகளுக்கோ சிலந்திக்கோ இரையாகாமல் தப்பும் ராணிகள் மிகச் சிலவே.

உதவும் முறை

1. இறகுதிர்த்த ராணியை மெல்லிய தூரிகையால் எடுத்து, சுருட்டிய இலையொன்றுடன் கண்ணாடிக் குழாயில் விட்டு, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். பஞ்சின் ஓரம் சிறிது ஈரமாயிருக்கட்டும். குழாயினுள் நீர் தேங்கலாகாது.

2. குழாயை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அசையாமல் வைக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. கலக்கமுற்ற ராணி தன் முட்டைகளையே தின்றுவிடும்.

3. குஞ்சுகள் குறைவாயிருப்பின், வேற்றுக் குடியின் கூட்டுப்புழுக்களைக் கொடுத்து உதவலாம். ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலும் செய்த சோதனைகளில், இவ்வாறு உதவிய குடிகள் விரைந்து பெருகின. முசுற்றின் கூட்டுப்புழுவுக்கு மேலுறை இல்லை. வெண்ணிற எறும்பு வடிவிலேயே இருக்கும். கண்கள் கறுத்து, பொரியும் தறுவாயிலுள்ள சிறியனவற்றுள் முப்பது அளவில் பொறுக்கியெடுத்தால் முதலிற் போதும்.

4. வளர்ந்த அயல் எறும்பு ஒன்றேனும் உடன் வரலாகாது. வேற்றுக் குடியின் வாசனையுடைய அது ராணியைக் கடித்துக் கொன்றுவிடும். கூட்டுப்புழுவினின்று பிறப்பனவோ, பிறந்த இடத்தின் வாசனையையே தமதாகக் கொண்டு, அந்த ராணிக்கே ஊழியம் புரியும்.

5. வேலைக்கார எறும்புகள் வெளிவந்தபின், சர்க்கரைநீர்த் துளிகளையும், நசுக்கிய பூச்சியையோ சிறு மீன் துண்டையோ சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாளே அகற்றாவிடிற் பூஞ்சணம் பிடிக்கும்.

6. எறும்புகள் சில நூறு ஆனபின், வேற்று முசுறும் பிற எறும்பும் இல்லாத மரத்தில், நிழலான கிளையிற் குழாயைக் கட்டித் திறந்துவிடலாம். குடி பெருகியபின் கயிறு அல்லது மூங்கிலால் அடுத்த மரங்களை இணைக்கலாம். இரண்டு குடிகளின் எல்லையில் மட்டும் பாலமிடலாகாது. போர் மூண்டு இரண்டும் நலியும்.

எச்சரிக்கை

முசுறு குறையற்றதன்று. தேன்போன்ற கழிவை விரும்பி, மாவுப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் அது பேணி வளர்ப்பதுண்டு. ஆதலால் இவை மிகுந்த கிளைகளை அவ்வப்போது கழித்துவிட வேண்டும். காய் பறிக்கும் ஆட்களுக்கும் கடி பெருந்தொல்லையாகும். அவர்கள் உடலை மூடிய உடையணிந்து வேலை செய்தல் நலம். பூச்சிமருந்தைத் தோப்பெங்கும் தெளிப்போர் முசுற்றையும் உடன் இழப்பர் என்பதை மறக்கலாகாது.

முதல் மாதத்தில் ராணியைக் காப்பதே இம்முறையின் உயிர்நிலை. பல மரங்களைக் காக்கப்போகும் ஒரு குடி முழுதும் அப்போது ஒரு சிறு குழாயினுள் அடங்கியிருக்கிறது. பொறுமையுள்ளோர் முதலில் ஒரு குழாயுடன் தொடங்கிப் பழகிக்கொள்வாராக.