ஒரு சம்பளம், இரண்டு அடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ பேசும்போதெல்லாம் உன் அப்பா, என் அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். துபாய் வேலையா சிங்கப்பூர் வேலையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

உன் அப்பா எழுதிக் கொடுத்த கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். துபாயில் 14,000 திர்ஹாம். பெட் ஸ்பேஸ் 1,000, மெஸ் 700, போக்குவரத்துக்கும் போனுக்கும் 500. மாதம் 11,800 மிச்சம். சிங்கப்பூரில் 6,500 வெள்ளி, குடும்பத்தோடு போனால் "ஒன்றும் மிஞ்சாது" என்று அடிக்கோடு வேறு. அண்ணனுக்குக் கூட்டல் கழித்தல் தப்பாது. அந்தத் தாளில் எழுதாமல் விட்டதைத்தான் நான் எழுதப்போகிறேன்.

நீ துபாய்க்குத் தனியாகப் போனால் இங்கே ஒரு அடுப்பு எரியும், அங்கே ஒரு அடுப்பு எரியும். உன் மனைவிக்கும் பாப்பாவுக்கும் சென்னையில் வாடகை, பள்ளிக்கூடம், வைத்தியம், வேலைக்காரம்மா சம்பளம், நீ இல்லாததால் ஆட்டோவிலும் டாக்ஸியிலும் போகிற செலவு, இதெல்லாம் அந்த 11,800லிருந்துதான் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை. எல்லாக் குடும்பமும் அப்போதுதான் ஊருக்குக் கிளம்பும் என்பதால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும். நீ வந்து போவதும் அவர்கள் வந்து போவதும் அந்தத் தாளில் ஒரு வரியாகக்கூட இல்லை.

துபாய் கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு போவதானால் அதற்கும் கணக்கு உண்டு. என் சின்ன ஓரகத்தி மகன் அங்கே கிசைஸ் பகுதியில் இருக்கிறான், அவனிடம் விசாரித்தேன். ஒரு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 70,000 என்று வைத்துக்கொள். அங்கே வாடகையை மாதாமாதம் கொடுப்பதில்லை, முன்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். நான்கு காசோலைக்குச் சம்மதித்தால் முதலாவது 17,500. முன்பணம் 5 சதவீதம் 3,500, தரகருக்கு இன்னொரு 5 சதவீதம் 3,500, தண்ணீர் மின்சார இணைப்புக்கு தேவா அலுவலகத்தில் 2,000. கட்டில் மெத்தை வாங்குவதற்கு முன்பே 26,500 திர்ஹாம். பிறகு வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாக மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்ந்து வரும். வருமான வரி கிடையாது, அது உண்மை. வாட் வரியும் 5 சதவீதம்தான். அவள் உன் விசாவில் இருந்துகொண்டே அனுமதி வாங்கி வேலைக்குப் போகவும் முடியும். அப்படி நீங்கள் மூன்று பேரும் போவதென்றால் நானே மூட்டை கட்டித் தருகிறேன். ஆனால் அண்ணன் தாளில் இருப்பது அந்தத் துபாய் இல்லையே.

சிங்கப்பூர் கணக்கை அங்கே உன் அக்கா வீட்டில் இருந்தபோது கண்ணால் பார்த்ததை வைத்துப் போடுகிறேன். செங்காங் பக்கம் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடு, அவர்கள் மூன்றறை என்பார்கள், ஆனால் படுக்கையறை இரண்டுதான், கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். அதற்கு 2,800 வெள்ளி. முழுச் செலவில் பாதி அதுதான், மறைக்க மாட்டேன். மின்சாரம், தண்ணீர், எரிவாயு 200. ஏசியை ராத்திரி மட்டும் போட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். போன், இணையம் 80. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மூன்று பேருக்குமாக 200 தாராளம், காரை நினைக்கவே வேண்டாம். சமையலறைக்கு 700. பொன்னி அரிசி, முருங்கைக்காய், மீன் எல்லாம் தேக்கா சந்தையில் கிடைக்கும். வெளியே சாப்பாடு, துணிமணி 300. அங்காடிக் கடைகளில் ஐந்தாறு வெள்ளிக்கு வயிறு நிறையும். பாப்பாவின் பாலர் பள்ளிக்கு 900, காப்பீடு, மருந்து 200. ஆண்டுக்கு 78,000 வருமானத்துக்கு வரி 3,200க்குள் வரும், அரை மாதச் சம்பளம்கூட இல்லை, மாதத்துக்கு 265 என்று வை. மொத்தம் 5,645. மிஞ்சுவது 855 வெள்ளி. அண்ணன் சொன்ன "ஒன்றும் மிஞ்சாது" இதுதான். ஒரே வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கிப் படித்தபிறகு மிஞ்சுகிற பணம் அது.

கடையில் ஒரு கோப்பி வாங்கும்போதும் அதை ரூபாயால் பெருக்காதே. பெருக்க ஆரம்பித்தால் முதலில் கோப்பி நிற்கும், பிறகு பழம் நிற்கும், பிறகு டாக்டரிடம் போவது நிற்கும். மாமா அப்படித்தான் இருந்தார்.

மாமா 1986இல் துபாய்க்குப் போனபோது "குடும்பத்தை இங்கேயே விட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை, நாலு காசு சேரும்" என்று சொன்னது யார் என்று உன் அப்பாவிடம் கேட்டுப் பார். தேராவில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் எட்டு பேர். மாதாமாதம் நோட்டில் செலவு எழுதுவார். அந்த நோட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அரிசி, சோப்பு, தபால் தலை என்று எல்லாம் இருக்கும். மருந்து என்ற இடத்தில் பக்கம் பக்கமாகக் கோடுதான். சர்க்கரை இருப்பது தெரியாமலே அத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போகிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்காதா? தண்ணீர் தாகத்தைக் கவனித்திருக்க மாட்டேனா? அவர் மிச்சம் பிடித்த பணத்தில் கட்டிய மாடி பூட்டியே கிடக்கிறது. பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், இவருக்குப் படியேறக் கண் தெரியவில்லை. காலையில் பேப்பரை நான் படிக்க அவர் கேட்கிறார். திரும்பி வந்த புதிதில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடவே அவருக்குக் கூச்சம். அவசரமாகச் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார். அதைப் பார்த்து அண்ணன் "எவ்வளவு சிக்கனமான மனுஷன்" என்று ஊரெல்லாம் சொன்னார். நான் பதில் பேசவில்லை. அந்தப் பாராட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. உனக்கும் அதே யோசனையை அவர் சொல்வதால்தான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள். துபாய்க்காரர்கள் சொல்லும் 14,000இல் பேசிக் எவ்வளவு? பணிக்கொடையைப் பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம். பேசிக் 7,000 என்றால் ஓராண்டு உழைப்புக்குக் கிடைப்பது 4,900தான். சிங்கப்பூரில் அந்த 6,500 முழுவதும் மாதாமாதம் வரும் நிலையான சம்பளமா, போனஸையும் சேர்த்துச் சொல்கிறார்களா? மனைவி பிள்ளையை அழைத்துக்கொள்ள 6,000 நிலையாக வேண்டும், போனஸ் அதில் சேராது. கம்பெனிக் காப்பீடு உனக்கு மட்டுமா, அவர்களுக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கு. அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அயல்நாட்டாருக்குச் சலுகை விலை கிடையாது. வீட்டு ஒப்பந்தத்தில், வேலை போனால் ஓராண்டுக்குப் பிறகு இடையில் காலி செய்துகொள்ளலாம் என்ற பிரிவு இருக்க வேண்டும். அங்கே உனக்கு மத்திய சேம நிதி கிடையாது, அந்த 855இலிருந்து நீயாக எடுத்து வைத்தால்தான் உண்டு.

சிங்கப்பூரில் உள்ள இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவள் அங்கே வேலைக்குப் போக வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி வேண்டும், 2021இலிருந்து அப்படித்தான். பாப்பா முதல் வகுப்புக்கு வரும்போது அரசுப் பள்ளியில் குடிமக்களுக்கு இடம் கொடுத்தபிறகுதான் நமக்கு. கட்டணமும் மாதம் பல நூறு வெள்ளி. அதற்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, அதற்குள் உன் சம்பளம் ஏறாதா? இடம் கிடைத்துவிட்டால் பள்ளியிலேயே தமிழ் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

முடிவு உன்னுடையது. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நிறையக் கண்டித்துவிட்டேன் போலிருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ளாதே ராஜா. நம் வீட்டில் உன்னைப் போல் பொறுப்பான பிள்ளை யார் இருக்கிறார்கள்? பன்னிரண்டாவது படிக்கும்போதே பால் கணக்கு, மளிகைக் கணக்கெல்லாம் நீதானே பார்த்தாய். இரண்டு ஊரிலிருந்தும் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், மாமா மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்பாவிடம் கோபமாகப் பேசாதே, அவரும் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். கிளம்புமுன் ஒரு நாள் மூன்று பேரும் வந்து தங்கிவிட்டுப் போங்கள். பருப்புப் பொடியும் மணத்தக்காளி வத்தலும் தயாராக இருக்கும், பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வை. உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அத்தை

பி.கு.: பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வைக்கச் சொல். சிங்கப்பூரில் பிள்ளைக்குப் பாஸ் எடுக்கும்போது தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் ஊசி போட்டதற்குச் சான்று கேட்பார்கள்.