தரையே முதல் கணக்கு: கினிப் பன்றிக்குக் கூண்டு செய்யும் இளங்கைவினைஞருக்கு



கினிப் பன்றிகளுக்கு வீட்டுக்குள் வைக்கும் கூண்டைச் சொந்தக் கையால் செய்யப் புகுவோர் பெரும்பாலும் சட்டம், கதவு, தாழ்ப்பாள் ஆகியவற்றிலிருந்தே வேலையைத் தொடங்குகின்றனர். ஆனால் இக்கூண்டின் தரம் அதன் தரைப்பரப்பிலும், அத்தரையை அன்றாடம் எவ்வளவு எளிதில் துடைக்க முடிகிறது என்பதிலுமே தங்கியிருப்பதால், மற்ற வேலைப்பாடுகள் அனைத்தும் அவ்விரண்டுக்கும் பின்னரே எண்ணத்தக்கவை.

இவ்விலங்கின் பூர்விகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. அங்கே இதன் காட்டு உறவினங்கள் கூட்டமாக வாழ்ந்து, உயர்ந்த புல்லுக்கு நடுவே தாம் உண்டாக்கிய தடங்களில் ஓடி, தலைக்கு மேல் பருந்தின் நிழல் பட்டதும் புதருக்குள் ஒளிகின்றன. பெரு, பொலிவியா, எக்குவடோர் ஆகிய நாடுகளின் மலைவாழ் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பழக்கி, இறைச்சிக்காக அடுக்களைத் தரையிலேயே வளர்த்து வந்துள்ளனர். ஏறுவதும் தாவுவதும் இதன் இயல்பில் இல்லை. ஓடுவதும் ஒளிவதுமே உண்டு. ஆகவே பறவைக் கூண்டைப் போல உயர்ந்தும் குறுகியும் அமைந்த கூண்டு, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருப்பினும், இதற்குப் பயன்படாது.

கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் ஒன்றைத் தனியே அடைப்பது தகாது. சுவிட்சர்லாந்து 2008இல் வகுத்த விலங்குநல விதிகள் கினிப் பன்றிக்குத் துணை இருக்க வேண்டும் என்று சட்டமாகவே கூறுகின்றன. பெண் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கருத்தரிக்கும் பருவத்தை எட்டிவிடுவதால், சேர்த்து வளர்ப்பவை ஒரே பாலினமாக இருத்தல் வேண்டும். இரு விலங்குகளுக்குக் குறைந்தபட்சம் 7.5 சதுர அடித் தரை வேண்டும் என்று வளர்ப்போர் பலர் கொள்கின்றனர், 10.5 சதுர அடி இருந்தால் அவை நேர்கோட்டில் ஓடித் திரும்பவும், ஒன்றோடொன்று பிணங்கினால் விலகியிருக்கவும் இடம் கிடைக்கும். மேல்தளம் அமைத்தாலும் அதன் பரப்பை இக்கணக்கில் சேர்த்தல் கூடாது. ஓட்டத்துக்கு உதவுவது தொடர்ச்சியான ஒரே தரை மட்டுமே.

இந்த அளவை எளிதில் தரும் முறை ஒன்று உலகெங்கும் பரவியுள்ளது. அலமாரி அடுக்கப் பயன்படும் 14 அங்குலச் சதுரக் கம்பித் தட்டிகளைச் சுவராகவும், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் ஷீட்டைத் தொட்டியாகவும் கொள்வதே அம்முறை. நீளவாட்டில் நான்கு, அகலவாட்டில் இரண்டு என்று சுற்றிலும் 12 தட்டிகளை நிறுத்தி, கேபிள் டையால் இறுக்கினால் சுவர் முடிந்தது. தட்டியின் கண் ஒன்றரை அங்குலத்தை மிஞ்சினால் தலை சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. குட்டிகள் இருக்கும் கூண்டில் அதனினும் நெருக்கமான கண்ணே பாதுகாப்பு. கேபிள் டையின் முனையைக் கூண்டின் வெளிப்புறம் நோக்கித் திருப்பி, ஒட்ட நறுக்கிவிட வேண்டும். இல்லையேல் அம்முனை விலங்கின் கண்ணையோ வளர்ப்பவரின் முழங்கையையோ கிழிக்கும்.

தொட்டி செய்வதில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. உட்தரை 27க்கு 56 அங்குலம், சுற்றுச்சுவர் ஆறு அங்குலம் என்றால், வெட்ட வேண்டிய ஷீட் 39க்கு 68 அங்குலம். எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்றிலிருந்து இதைத் தாராளமாக எடுக்கலாம். நான்கு ஓரங்களிலிருந்தும் ஆறு அங்குலம் உள்தள்ளிக் கோடு போட்டு, அக்கோட்டின் வழியே கத்தியால் ஷீட்டின் ஒருபக்கத் தோலை மட்டும் கீற வேண்டும். மூலை ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை மட்டும் ஓரம்வரை முழுதாக வெட்டிவிட்டால், மடிக்கையில் ஒரு காது உண்டாகும். அக்காதைப் பக்கத்துச் சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டிவிடலாம். கீறிய பக்கம் கூண்டின் வெளிப்புறமாக அமையுமாறு மடிக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது. உட்புறத் தோல் அறுபடாமல் இருந்தால்தான் ஷீட்டின் குழல்களுக்குள் சிறுநீர் இறங்காது. இறங்கிவிட்டால் அந்த நாற்றத்தை எந்தக் கழுவலும் போக்காது. பல் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் இவ்விலங்கு கிடைத்த விளிம்பையெல்லாம் கடிக்கும். ஆகையால் ஷீட்டின் மேல்விளிம்பு வெளியே தெரியுமாயின் அதற்குக் கிளிப் பட்டை போட்டு மூடுவது நலம்.

தரையைக் கம்பிவலையாக அமைத்தால் எச்சம் தானே கீழே விழும், துடைக்கும் வேலை மிச்சம் என்று எண்ணுவோர் உண்டு. கினிப் பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது. அந்த மென்மையான தோல் கம்பியில் அழுந்தி அழுந்திப் புண்ணாகி, சீழ் கட்டி, எலும்புவரை பரவும் நோயாக முற்றக்கூடும் என்பதால் வலைத்தரையை அறவே விலக்க வேண்டும். தரை திடமாக இருந்து, அதன் மேல் ஈரம் உறிஞ்சும் படுகை விரிக்கப்படுவதே முறை. தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள் பொடியாகப் பறந்து மூச்சுக்குழாயை அடைக்கும். அதில் பிளைவுட் பசையும் கலந்திருக்கும். தேவதாரு, பைன் முதலிய மரங்களின் பச்சைச் சீவலோ நுரையீரலைத் தாக்கும் வாசனை எண்ணெய்களை வெளியிடும். துண்டாக்கிய வெற்றுக் காகிதமும், பழைய துவாலையின் மேல் விரித்த ஃப்ளீஸ் துணியும் இவற்றைவிடப் பாதுகாப்பானவை. புது ஃப்ளீஸைச் சில முறை துவைத்த பின்னரே அது ஈரத்தைக் கீழே இறங்கவிடும். சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாதலால் தொட்டியில் வெள்ளைப் படிவு ஏறும். வினிகரை ஊற்றிச் சற்று நேரம் விட்டுத் துடைத்தால் அது கரைந்துவிடும். இத்துடைப்புக்குக் கை எட்டாத மூலை ஒன்று கூண்டில் இருந்தாலும், அது வடிவமைப்பின் பிழையாகவே கருதப்பட வேண்டும்.

ஒளிவிடம் ஒவ்வொரு விலங்குக்கும் ஒன்றாவது வேண்டும். அதற்கு இரு வாசல்கள் இருத்தல் இன்றியமையாதது. ஒரே வாசல் இருந்தால் வலியது வாசலில் நின்றுகொள்ள, எளியது உள்ளே சிக்கிக்கொள்ளும். மேல்தளம் அமைப்போர் சாய்பாதையின் சரிவு 30 பாகையைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். 14 அங்குல உயரம் ஏற 28 அங்குல நீளப் பலகை வேண்டும் என்பதே இதன் கணக்கு. பாதையின் இருபுறமும் தடுப்பு இல்லையேல், கனத்த உடலும் மெல்லிய கால்களும் உடைய இவ்விலங்கு விழுந்து எலும்பு முறியும்.

கூண்டு எங்கே வைக்கப்படும் என்பதும் செய்பவரின் பொறுப்பில் அடங்கும். மலைக்குளிரில் உருவான இவ்வுடலுக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பம் இதமானது. வியர்வை வழியே சூட்டைத் தணிக்கும் வழி இதற்கு இல்லாததால் 27 பாகையைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு அபாயம் தொடங்குகிறது. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறை அடுப்பாகிவிடும். பால்கனியோ காக்கைக்கும் பூனைக்கும் திறந்த இடம். தரைத்தளத்தில், காற்றோட்டமுள்ள உள்ளறையே ஏற்ற இடம். கூண்டுக்குள் படுத்துக் குளிர்வதற்கு வழவழப்பான ஓட்டுத் துண்டு ஒன்று வைப்பது பயன் தரும். ஆயினும் மின்வெட்டு நேரத்தில் விசிறி நின்றுவிடும் வீட்டில், எந்தக் கூண்டும் விலங்கைக் காப்பாற்றிவிடாது.

விற்பனைக்கெனக் கூண்டு செய்யத் தொடங்கும் இளைஞர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். விலங்கு நியாயமான அளவு அசைய முடியாதபடி உயரமும் நீளமும் அகலமும் குறைந்த கூண்டில் அதை அடைத்து வைப்பது, இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமாகும். மேசை மீது அடங்கும் இரண்டடிக் கூண்டு கேட்டு வாடிக்கையாளர் வருவார், விலை பேசுவார், அடுத்த கடையில் கிடைக்கிறதே என்றும் சொல்வார். அவரிடம் 10.5 சதுர அடியைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுக. அவ்வளவு இடம் தம் வீட்டில் இல்லை என்று அவர் கூறினால், அந்த வீட்டுக்குக் கினிப் பன்றி வேண்டாம் என்று மரியாதையுடன் சொல்லி அனுப்புக. செய்யக் கூடாத கூண்டைச் செய்ய மறுப்பதும் இத்தொழிலில் அடங்கும்.