ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முறை

ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவளவில், அது பேரறிஞர்க்கே உரியதென்று நம்முட் பலர் அஞ்சி விலகுகின்றனர். வேறு சிலர், பல நூல்களிற் கண்ட செய்திகளைத் தொகுத்து ஒழுங்குபெற எழுதிவிட்டால் அதுவே ஆராய்ச்சியாம் என்றெண்ணி மகிழ்கின்றனர். இவ்விரு கருத்தும் பொருந்தா. சி. வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்து ஒளியைப்பற்றி எழுதிய கட்டுரை, 1906-இல் இலண்டன் நகரத்துப் பிலசாபிகல் மாகசின் இதழில் வெளிவந்தது. ஆதலின் மாணவப் பருவம் இம்முயற்சிக்குத் தடையன்று. விடை காணப்படாத ஒரு வினாவை எழுப்பி, உரிய சான்றுகளைத் திரட்டி, அவை தாங்கும் அளவிற்கே முடிவு கூறி, பிறர் சோதித்தறியுமாறு எழுதுவதே ஆராய்ச்சிக் கட்டுரையாகும். அதன் முறையை, யான் பிறந்த ஊத்தங்கரையையும் அதனைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

முதற்கண் வேண்டப்படுவது வினா. கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதுபற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையை நாம் அறிவோம். ஆராய்வோனும் தன் காலமும் பொருளும் எத்துணைய என்று கணக்கிட்டே வினாவை வரையறுத்தல் வேண்டும். எங்கள் பக்கத்தில் நடுகற்கள் பல உள. அவற்றைக் கண்டு, 'தமிழர் வீரம்' என்று தலைப்பிட்டுத் தொடங்குவோன் வாழ்நாளெல்லாம் உழைப்பினும் கரை காணான். 'ஊத்தங்கரை வட்டத்து நடுகற்களில் வீரர் ஏந்திய படைக்கலங்கள் யாவை?' என்று வினாவுவானாயின், ஒரு கோடை விடுமுறைக்குள் விடை காணல் கூடும்.

இரண்டாவது, முன்னையோர் கண்டவற்றை அறிதல். நமக்கு அண்மையிலுள்ள செங்கம் பகுதி நடுகற்களைப்பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ஒரு நூல் வெளியிட்டுள்ளது. அதனைப் பாராது எழுதப் புகுவோன், பிறர் கண்டதைத் தான் கண்டதாகக் கூறும் இழுக்கிற்கு ஆளாவான்.

மூன்றாவது, சான்று திரட்டும் முறை. எவ்வூரில், எந்நாளில், எத்தனை கற்களைக் கண்டோம், அவற்றின் அளவு யாது என்பவற்றை அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளல் வேண்டும். சிதைந்த கற்களைக் கணக்கிற் சேர்ப்பதா, விடுப்பதா என்பதனைத் தொடங்குமுன்னரே துணிதல் வேண்டும். தன் கருத்திற்கு இசையாத கல்லைப் பின்னர்ச் சிதைந்ததென்று தள்ளுதல் ஆராய்ச்சியன்று.

நான்காவதாகிய முடிவு கூறலே யாவற்றினும் அரிது. எம் மாவட்டத்துப் பர்கூர் வட்டத்திலுள்ள மயிலாடும்பாறையில் தொல்லியல் துறையினர் 2021-இல் அகழாய்வு நிகழ்த்தினர். அங்கு இரும்புக் காலத்து மண்ணடுக்கிற் கிடைத்த கரித்துண்டுகள் இரண்டு அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடத்திற் சோதிக்கப்பெற்றுக் கி.மு. 2172, கி.மு. 1615 என்னும் காலங்களைத் தந்தன. 2022 மே திங்களில் இஃது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அக்காலத்துப் பள்ளி மாணவனாயிருந்த யான் பெருமிதத்தால் உள்ளம் பூரித்து, 'உலகிற்கு முதன்முதல் இரும்பை அளித்தது எம் மண்ணே' என்று ஒரு கட்டுரை வரைந்தேன். 'இதனை எவ்வாறு அறிந்தாய்?' என்று ஆசிரியர் அதன் ஓரத்தில் எழுதியிருந்தார். என்னால் விடை கூற இயலவில்லை.

அச்சோதனை காட்டுவது யாது? உயிருள்ள மரம் காற்றிலிருந்து கதிரியக்கக் கரியை ஏற்றுக்கொண்டேயிருக்கும். மரம் பட்டபின் அவ்வரவு நின்றுவிடும். உள்ளிருந்த அக்கரி 5,730 ஆண்டிற்கொருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிப்பர். ஆகவே நேராக அறியப்படுவது கரியின் காலமேயன்றி இரும்பின் காலமன்று. இரும்பும் கரியும் ஒரே அடுக்கில், பிற்காலத்துக் குழிகளாற் கலைவுறாது கிடந்தன என்று நிறுவிய பின்னரே ஒன்றன் காலம் மற்றொன்றற்கு ஆகும். முதிர்ந்த மரத்தின் உள்வயிரம், அம்மரம் எரிக்கப்பட்ட காலத்தினும் முற்பட்ட காலத்தைக் காட்டுதலும் உண்டு. இவற்றையெல்லாம் எடைபோட்டுக் கூறுவதே முடிவாகும்.

2025 சனவரித் திங்களில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிற் கிடைத்த சான்றுகள் கி.மு. 3345 வரையுஞ் செல்லும் என்று தமிழக அரசு அறிவித்தது. 2022-இல், 'தமிழகத்து முதல் இரும்பு மயிலாடும்பாறையதே' என்று எழுதியவர் சொல் மூன்றாண்டிற்குள் வீழ்ந்தது. 'இதுவரை கிடைத்தவற்றுள் இது பழமையானது' என்று எழுதியவர் சொல்லோ இன்றும் பழுதின்றி நிற்கின்றது. 'இதுவரை கிடைத்தவற்றுள்' என்னும் தொடர் கட்டுரையின் சிறப்பைக் குறைப்பதன்று. அதன் உயிரைக் காப்பதாகும்.

எழுதுங்கால், வினா, முன்னையோர் ஆய்வு, முறை, கண்டவை, அவற்றாற் பெறப்படுவது, இன்னும் அறியப்படாதது என இவ்வரிசையில் அமைத்தல் நன்று. கண்டதனையும் கருதியதனையும் ஒரே பத்தியிற் கலத்தலாகாது. கட்டுரையின் தலைப்பில் நிற்கும் சுருக்கத்தை இறுதியிலேயே எழுதல் வேண்டும். முடிவு தெளிவுற்ற பின்னரன்றோ அதனைச் சுருக்குதல் இயலும்! குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என நன்னூலார் விலக்கிய குற்றங்கள் அறிவியற் கட்டுரைக்கும் குற்றங்களே. கூறல் முறையில் இலக்கியம் பயில்வோர்க்கும் அறிவியல் பயில்வோர்க்கும் வேற்றுமையில்லை.

வரும் விடுமுறையில் நம் நண்பர்கள் தத்தம் ஊர்க்குச் செல்லுங்கால் ஒரு சிறு வினாவை உடன்கொண்டு செல்வாராக. அவ்வூர்ப் பெருமையைக் கூட்டியும் குறைத்தும் கூறாது, கண்டவாறே எழுதிக் கொணர்வாராயின், அதனைப் படிப்போர் 'எவ்வாறு அறிந்தாய்?' என்று வினாவுங்கால் விடை கூற நாணார்.