ஃபைலை அனுப்புறதுக்கு முன்னாடி காதால ஒரு தடவை படி

காலேஜ் வேலை கிடைச்சு, வகுப்புல பார்வையில்லாத பிள்ளைங்க ரெண்டு பேரும் காது கேட்காத பையன் ஒருத்தனும் இருக்காங்கன்னு சொன்ன. "நோட்ஸை எப்படிக்கா கொடுக்கிறது?"ன்னு கேட்ட பாரு, அதுக்குத்தான் இது. அம்பத்தூர், ஆவடி பக்கம் உன்னை மாதிரி இந்த வருஷம் புதுசா பாடம் எடுக்க வந்திருக்கிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

முதல்ல அந்தப் பிள்ளைங்ககிட்டயே கேட்டுடு. பூந்தமல்லி பார்வைத்திறன் குறையுடையோர் அரசு மேல்நிலைப் பள்ளியில படிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு பிரெயில் நல்லாப் பழகியிருக்கும். பத்தாவதுக்கு மேல பார்வை போனவங்களுக்கு பிரெயிலே தெரியாம இருக்கலாம், போன்தான் அவங்களுக்கு எல்லாம். கொஞ்சம் பார்வை உள்ளவங்களுக்குப் பெரிய எழுத்து இருந்தா போதும், ஆடியோ தேவையே படாது. "வேர்டு ஃபைல் வேணுமா, ஆடியோ வேணுமா, போன்ல படிப்பியா, லேப்டாப்லயா?"ன்னு முதல் வாரத்துலயே தனியா கூப்பிட்டுக் கேளு. வகுப்பு முன்னாடி நிக்க வெச்சுக் கேட்காதே.

அடுத்தது எழுத்துரு. இதுலதான் நம்ம ஊர்ல பாதிப் பிரச்சினை இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையாப் படி. டிடிபி கடையில கொடுத்து டைப் பண்ற நோட்ஸ், சீனியர் சார் பென்டிரைவ்ல கொடுக்கிற பழைய நோட்ஸ், இதெல்லாம் பெரும்பாலும் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவுல இருக்கும். கண்ணுக்கு அழகான தமிழ். ஆனா கம்ப்யூட்டருக்கு அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்து மேல தமிழ் உருவத்தைப் போர்த்தி வெச்சிருக்கு, அவ்வளவுதான். பாமினியில 'தமிழ்'னு அடிச்ச இடத்துல திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஸ்கிரீன் ரீடரை எழுத்தெழுத்தா நகர்த்திக் கேட்டா "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்"னு சொல்லும். நாப்பது பக்கமும் இப்படியே. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு பிள்ளை இதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கிறதை நெனச்சுப் பாரு.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஃபைல்ல ஒரு வார்த்தையை காப்பி பண்ணி நோட்பேட்லயோ வாட்ஸ்அப்லயோ பேஸ்ட் பண்ணு. தமிழா விழுந்தா யூனிகோட். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமா விழுந்தா பழைய எழுத்துரு. மறுபடி டைப் பண்ண வேண்டாம், என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கு. எழுத்துருவோட பேரைத் தேர்ந்தெடுத்தா மொத்தத்தையும் யூனிகோடா மாத்திக் கொடுத்துடும். மாத்தினதை ஒரு தடவை வாசிச்சுப் பாரு, நடுவுல வர்ற ஆங்கில வார்த்தைகளையும் அது தமிழ்னு நெனச்சு மாத்தி வெச்சிருக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டது 2010-ல். இத்தனை வருஷம் ஆகியும் கடைகள்ல பாமினி ஓடுதுன்னா, யூனிகோட்ல வேணும்னு யாரும் கேட்டு வாங்காததுதான் காரணம். நீ கேட்டு வாங்கு.

யூனிகோட்ல அடிச்சாச்சுன்னாலும் பிடிஎஃப் மட்டும் அனுப்பாதே. தமிழ் பிடிஎஃப்ல கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு இடம் மாறி உட்கார்ந்துக்கும். பார்க்கிறப்ப தெரியாது, கேட்கிறப்பதான் வார்த்தை உடையும். வேர்டு ஃபைலையும் சேர்த்து அனுப்பு. குறைப்பார்வை உள்ளவங்களுக்கும் அதுதான் வசதி, வேணுங்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிசாக்கிக்கலாம்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "இதைப் படிச்சுக்கோங்க"ன்னு சொல்ற பழக்கம் எல்லா காலேஜ்லயும் இருக்கு. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பும் போட்டோதான். பார்வையில்லாத பிள்ளைக்கு அது வெறும் "இமேஜ்". கூகுள் டிரைவ்ல ஏத்தி, 'ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்' கொடு. தமிழ் அச்செழுத்தை ஓரளவு நல்லாவே படிச்சு எழுத்தாக்கிடும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் குழம்பும், அட்டவணையைக் கலைச்சுப் போடும், வருஷத்தைத் தப்பாப் படிக்கும். என்எஸ்எஸ் பிள்ளைங்ககிட்ட ஆளுக்கு அஞ்சு பக்கம்னு பிரிச்சுக் கொடுத்துத் திருத்தச் சொல்லு. புத்தகத்தை இப்படி மாத்திக் கொடுக்கிறது காப்புரிமை மீறலாகிடுமோன்னு சிலர் பயப்படுவாங்க. மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துக்கு மாத்திக் கொடுக்கிறதுக்கு 2012-ல திருத்தின காப்புரிமைச் சட்டத்தோட 52-வது பிரிவே இடம் கொடுக்குது. இதுக்காகவே உலக நாடுகள் போட்ட மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல முதல்ல உறுதி செஞ்ச நாடு நம்மளோடதுதான்.

இப்ப முக்கியமான டிப்ஸ். எந்த ஃபைலா இருந்தாலும் அனுப்புறதுக்கு முன்னாடி நீயே கேட்டுப் பாரு. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போய் ஆக்சஸிபிலிட்டியில 'டாக்பேக்'னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இருக்கும். ஆன் பண்றதுக்கு முன்னாடி ஷார்ட்கட்டையும் வெச்சுக்கோ, அப்பதான் ரெண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிச்சா ஆஃப் ஆகும். ஒரு தடவை தொட்டா வாசிக்கும், ரெண்டு தடவை தட்டினா திறக்கும், நகர்த்த ரெண்டு விரல் வேணும். கம்ப்யூட்டர்ல 'என்விடிஏ'ங்கிற ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக்கோ. பார்வையில்லாத ரெண்டு ஆஸ்திரேலிய நண்பர்கள் 2006-ல தொடங்கினது, இன்னைக்கும் இலவசம், தமிழும் வாசிக்கும். கண்ணை மூடிட்டு உன்னோட முதல் அலகைக் கேளு. எங்கெங்க மாத்தணும்னு அதுவே சொல்லிடும்.

முதல்ல தட்டுப்படுறது தலைப்பாத்தான் இருக்கும். எழுத்தைப் பெரிசாக்கி போல்டு பண்ணா தலைப்பு ஆகிடாது. வேர்டுல 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2'ன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுத்துப் போடு. அப்படிப் போட்டா என்விடிஏ-யோட பிரவுஸ் மோடுல எச் பட்டனை அழுத்தி ஒவ்வொரு தலைப்பாத் தாண்டிப் போகலாம். இல்லேன்னா கடைசிப் பக்கத்துல இருக்கிற ஒரு வரிக்காக முதல்ல இருந்து கேட்டுட்டே வரணும்.

அப்புறம் அட்டவணை. சுற்றுச்சூழல் பாடத்துல சென்னைக்குக் குடிதண்ணி தர்ற ஏரிகளைப் பத்தி ஒரு அட்டவணை போடுறன்னு வெச்சுக்கோ. காதுல "செம்பரம்பாக்கம், 3,645, 24"ன்னு விழும். 3,645 மில்லியன் கன அடிங்கிறது கொள்ளளவு, 24 அடிங்கிறது முழு உயரம். இது பார்க்கிறவங்களுக்குத் தெரியும், கேட்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அலகை எண்ணோடயே சேர்த்து எழுது. மேல் வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேபிள் பிராப்பர்ட்டீஸ்ல 'ரிப்பீட் ஆஸ் ஹெடர் ரோ' கொடு. கட்டங்களை ஒண்ணா இணைக்காதே. சின்ன அட்டவணைன்னா வாக்கியமாவே எழுதிடு, அதுதான் எல்லாருக்கும் நல்லது.

படம் போட்டா 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதணும்னு எல்லாரும் சொல்வாங்க, என்ன எழுதணும்னு யாரும் சொல்றதில்லை. ஆவடி பருத்திப்பட்டு ஏரி போட்டோ ஒண்ணைப் போட்டுட்டு 'ஏரி'ன்னு எழுதினா அதுல பாடம் எங்க இருக்கு? அந்தப் படத்தை எதுக்காகப் போட்டியோ அதை எழுது: "ஏரிக்கரையை ஒட்டி நடைபாதை, அதைத் தாண்டி நெருக்கமா வீடுகள்." வகுப்புல விரலால காட்டி வாயால சொல்லுவ இல்ல, அந்த ஒரு வாக்கியம்தான் அது. அழகுக்குப் போட்ட பூ, பார்டர் எல்லாத்தையும் 'டெக்கரேட்டிவ்'னு குறிச்சுடு. கடைசியா ரிவ்யூ மெனுவுல இருக்கிற 'செக் ஆக்சஸிபிலிட்டி'யை ஒரு தடவை ஓட விடு. விட்டுப்போனது என்னன்னு பட்டியல் போட்டுக் காட்டும்.

நிறத்தைப் பத்தி ஒரே ஒரு விஷயம். "சிவப்புல இருக்கிறது முக்கியம்"னு மட்டும் சொல்லாதே, 'முக்கியம்'னு பக்கத்துல எழுதிடு. சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில போடாதே. ஃபைலுக்குப் பேரு வை. 'ஸ்கேன் 0012'ங்கிற பேரை வெச்சு யாரும் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

காது கேட்காத பையனுக்கு இதுல பெரும்பாலானது உதவாது. பார்வையில்லாத பிள்ளைங்களுக்குன்னு நீ அனுப்புற வாய்ஸ் மெசேஜ் அவனுக்கு வெறும் நீலக் கோடு. வாய்ஸ் அனுப்புறப்ப எல்லாம் கீழயே ரெண்டு வரி டைப் பண்ணியும் போடு. வீடியோ எடுக்கிறன்னா பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி வெச்சுக்கோ, அதையே சப்டைட்டிலாப் போடலாம். எழுத நேரமில்லைன்னா கூகுள் டாக்ஸ்ல வாய்ஸ் டைப்பிங் தமிழ்லயே இருக்கு, பேசிட்டு அப்புறம் திருத்திக்கோ. வகுப்புல போர்டு பக்கம் திரும்பிக்கிட்டே பேசாதே, அவன் உன் உதட்டைப் பார்த்துட்டு இருப்பான். இன்னொண்ணு, சைகை மொழியில வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி மாதிரி. நீளமான வாக்கியத்தை உடைச்சு எழுது. அவனோட எழுத்துல வேற்றுமை உருபு விட்டுப்போனா அதை வெச்சு அவனோட அறிவை எடை போடாதே. சென்னை மாநிலக் கல்லூரியில காது கேளாத பிள்ளைங்களுக்குன்னே பி.காம்., பி.சி.ஏ. நடக்குது. அங்க பாடம் நடத்துறவங்க யாரையாவது தெரிஞ்சா ஒரு நாள் போய் உட்கார்ந்து பாரு.

கூகுள் ஃபார்ம்ல டெஸ்ட் வைக்கிறப்ப நேரத்தை மறந்துடாதே. மத்திய அரசோட வழிகாட்டுதல்படி, தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரம் தரணும். செமஸ்டர் தேர்வுல இதைக் கொடுக்கிற நிறைய பேரு, மாசாமாசம் வைக்கிற ஆன்லைன் டெஸ்ட்ல கொடுக்கிறதே இல்லை.

இதெல்லாம் உன் ஒருத்தி தலையில விழணும்னு இல்லை. பூந்தமல்லியில தேசிய பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தோட மண்டல மையம் இருக்கு. முகப்பேர்ல பார்வையில்லாதவங்களுக்கான நேத்ரோதயா அமைப்பு இருக்கு. 2016-ல தொடங்கின சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்துல, படிக்கக்கூடிய வடிவத்துல ஏற்கெனவே மாத்தின புத்தகங்கள் கிடைக்கும், உன் பிள்ளைங்களை உறுப்பினராக்கி விடு. ஒரு புத்தகத்தை ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி அங்க இருக்கான்னு தேடிப் பாரு.

துறைத் தலைவர் "ரெண்டு பேருக்காக எதுக்கும்மா இவ்வளவு வேலை?"ன்னு கேட்டா, கோபப்படாம சட்டத்தைச் சொல்லு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. யுஜிசி 2022-ல வெளியிட்ட வழிகாட்டுதல். 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுறது அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவு தர்ற வாழ்வுரிமையில அடங்கும்னே சொல்லிடுச்சு. நீ செய்யறது சலுகை இல்லைங்கிறது உனக்கே தெளிவா இருந்தா, பேச்சும் தெளிவா வரும்.

எல்லா நோட்ஸையும் ஒரே மூச்சுல மாத்த உட்காராதே, பாதியில விட்டுடுவ. அடுத்த வாரம் நடத்தப் போற அலகை மட்டும் இந்த ஞாயித்துக்கிழமை மாத்து. அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் அனுப்பி, எந்த இடத்துல தடுக்குதுன்னு கேளு. அவங்க சொல்றதைத் திருத்திட்டு எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, டாக்பேக்ல போட்டுக் கேட்டுட்டுச் சொல்றேன்.