ஒப்பந்தம் மாறும்போது நாம் பார்க்க வேண்டிய கணக்கு



புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது என்று செய்தி வந்தால் பிரட்டுக் களத்தில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு கூடிச்சு?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் பாதிக் கணக்குத்தான் நமக்குத் தெரியும். மீதிப் பாதியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன?

கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் தொழிற்சங்கங்களும் பேசி எழுதிக்கொள்வதே கூட்டு ஒப்பந்தம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி இது வர்த்தமானியில் வெளிவரும். அது அமுலில் இருக்கும்வரை, அதில் உள்ளவை நம் ஒவ்வொருவருடைய வேலை நிபந்தனைகளாகவும் ஆகிவிடும். ஆகவே இது தலைவர்மாருடைய காகிதம் அல்ல, நம்முடைய காகிதம்.

மொத்தம் வேறு, அடிப்படை வேறு

2013 ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் 620 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 450 மட்டுமே.

2016 ஒப்பந்தத்தில் மொத்தம் 730. அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, நியாய விலைக் கொடுப்பனவு 30.

2019 ஒப்பந்தத்தில் மொத்தம் 750. அடிப்படை 700, நியாய விலைக் கொடுப்பனவு 50. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் எடுபட்டுப் போயின.

ஆயிரம் ரூபா கேட்டிருந்த நேரத்தில் 750 வந்ததும், "இருபது ரூபாவுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம்?" என்று பலரும் எங்களிடம் கேட்டார்கள். கோபம் நியாயமானதே. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 25 நாள் வேலை செய்து, கிலோவும் தவறாமல் எடுக்கும் ஒருவருக்கு 2016இன்படி 18,250 ரூபா. 2019இன்படி 18,750. கூடியது 500. ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும். முன்னர் வெட்டியது 1,000, பின்னர் 1,400. அப்படியானால் கைக்கு வந்ததில் கூடியது வெறும் 100 ரூபா!

ஆனால் கம்பனி போடும் 12 வீதம் 1,500இலிருந்து 2,100 ஆனது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் 375இலிருந்து 525 ஆனது. நம் பங்கையும் சேர்த்தால் மாதந்தோறும் அவர் பேரில் சேரும் பணம் 1,150 ரூபாவால் கூடியது. கையில் கிடைக்காவிட்டாலும் அதுவும் நம் காசுதான்.

இன்னொருவரைப் பாருங்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று 15 நாள்தான் வேலைக்குப் போனார். வரவு 75 வீதத்துக்குக் குறைந்தது, கிலோவும் எட்டவில்லை. அவருக்கு 2016இன்படி ஒரு நாளைக்குக் கிடைத்தது 530 ரூபாதான். 2019இன்படி 750. ஒரே தோட்டம், ஒரே மலை, ஆனால் ஒப்பந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி விழுகிறது.

இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில்

2013 ஒப்பந்தம் 2015 மார்ச் 31இல் முடிந்தது. அடுத்தது கைச்சாத்தானது 2016 ஒக்டோபர் 18இல். பதினெட்டு மாதத்துக்கும் மேலாக அடிப்படைச் சம்பளம் 450இலேயே நின்றது. அந்தக் காலத்துக்கு நிலுவைப் பணமும் கிடைக்கவில்லை.

அந்த இடைவெளியில் பென்ஷன் போன ஓர் அக்கா எங்களிடம் வந்தார். முப்பது வருட சேவை. நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி வருடத்துக்கு 14 நாள் கணக்கு. அடிப்படையை மட்டும் எடுத்தால் 450 தர 14 தர 30: ரூபா 189,000. அவரோடு ஒன்றாகப் பேர் பதிந்த தோழி ஒப்பந்தம் வந்த பிறகு, டிசெம்பரில் நின்றார். அவருக்கு 500 கணக்கில் 210,000. வித்தியாசம் 21,000.

"நாலு மாசம் பொறுத்திருந்தா எனக்கும் கெடைச்சிருக்குமா ஐயா? வயசு முடிஞ்சிருச்சின்னு நிப்பாட்டிட்டாங்களே" என்றார் அந்த அக்கா. அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒப்பந்தம் பிந்துவதால் யாருக்கு நட்டம் என்பது அன்றுதான் எங்களுக்கும் நன்றாக விளங்கியது.

சம்பளம் மட்டுமா ஒப்பந்தம்?

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900 ரூபாவும் நிவாரணப்படி 100ம் சேர்த்து 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஆயிரம் வந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதைச் சபை சொல்வதில்லை. அது முன்னர் இரு பக்கமும் பேசித் தீர்த்த விஷயம். பேசும் மேசை இல்லாமல் போனதும், கிலோவைக் கூட்டிவிட்டார்கள், அரைப்பேர் போடுகிறார்கள் என்று பல இடங்களில் முறைப்பாடு வந்தது. கூலி கூடியும் கைக்கு வராமல் போவது இப்படித்தான்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இனி எந்த ஒப்பந்தம் வந்தாலும், வர்த்தமானி வந்தாலும், தலைவரிடமும் காரியாலயத்திலும் இவற்றைக் கேளுங்கள்.

1. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?
2. மற்றக் கொடுப்பனவுகளுக்கு என்ன நிபந்தனை?
3. எந்தத் திகதியிலிருந்து அமுல்? நிலுவை உண்டா?
4. ஒரு பேருக்கு எத்தனை கிலோ?
5. பழையதில் இருந்த எது புதியதில் இல்லை?

சம்பளத் துண்டை அடுப்பில் போடாதீர்கள். புதிய சம்பளம் வந்த மாதத்துத் துண்டையும் அதற்கு முந்திய மாதத்துத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

வீட்டுக் கணக்கு: உங்கள் அடிப்படைச் சம்பளத்தை 14ஆல் பெருக்கி, உங்கள் சேவை வருடங்களால் பெருக்குங்கள். வரும் தொகையைக் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அடுத்த முறை அடிப்படை பத்து ரூபா கூடினாலும் நமக்கு என்ன கூடும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.