சாகாத மணல்

நம்ம கோயம்புத்தூர் மோட்டார் பம்புக்குப் பேர் போன ஊர். அந்தப் பம்பு உடம்பு மணலுக்குள்ளேதான் பிறக்கிறது. என் அப்பா பவுண்டரியில் மோல்டர். அவரிடம் கேட்டதை எழுதுகிறேன்.

மணலோடு பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், 3 முதல் 4 சதவீதம் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, பெட்டிக்குள் பேட்டர்னைச் சுற்றி இடித்து அச்சு செய்வார்கள். இதற்குப் பெயர் பச்சை மணல். நிறம் என்னவோ கறுப்பு! சூளையில் வேகாத செங்கல்லைப் பச்சைக்கல் என்கிறோமே, அந்தப் பச்சைதான் இது. அச்சுக்குள் சுமார் 1400 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் பெட்டியை உதறி, பொருளை எடுத்துவிட்டு, மணலில் உள்ள இரும்புத் துணுக்கைக் காந்தத்தால் பிரித்து, சலித்து, ஆறவைத்து, மறுபடி பிசைவார்கள்.

போன வருஷம் அப்பா வேலை பார்த்த ஒரு பட்டறையில் செலவை மிச்சம் பண்ணப் புதுக் களிமண் போடாமலே பழைய மணலை ஓட்டினார்கள். அச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. வார்ப்பெல்லாம் ஓட்டை, ரிஜெக்ட். பீஸ் ரேட் என்பதால் அந்த வாரம் பாதிக் கூலிதான்.

"மணலு செத்துப் போச்சு கண்ணு" என்றார் அப்பா.

"மணலு எப்படிங்கப்பா சாகும்?"

"மணலு சாகாது. கூட இருக்கற களிமண்ணுதான் சாகும்."

இதுதான் விஷயம். பச்சைப் பானை தண்ணீரில் கரையும், சுட்ட பானை கரையுமா? இரும்பை ஒட்டிய இடத்தில் களிமண் அப்படி வெந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஒட்டாது. ஒட்டவில்லையே என்று தண்ணீரைக் கூட்டினால், இரும்பு ஊற்றும்போது அது ஆவியாகிக் குமிழ் விழும். ஆனால் பெட்டியின் ஓரத்து மணலுக்கு அவ்வளவு சூடு போகாது, அது நன்றாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வெந்த தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் புதுக் களிமண்ணும் கரித்தூளும் சேர்த்தால் அதே மணல் திரும்பத் திரும்ப உழைக்கும். பிசின் போட்ட கோர் மணல் மட்டும் வேறு. அதில் பிசினை எரித்தோ, மணலை உரசியோதான் நீக்க வேண்டும்.

அந்தத் தூளை உறிஞ்சும் மிஷின் எல்லாப் பட்டறையிலும் இல்லை. நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த முடியாது. அப்பா ராத்திரி இருமும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். இப்போது மாஸ்க் போடாமல் அவரை நான் விடுவதில்லை.

ஆய்வகத்தில் இரண்டு மணல் உருண்டைகள் வைத்திருக்கிறேன். ஒன்று நல்ல மணல், இன்னொன்று வெந்தது. ஈரமாகவே வைத்திருக்கிறேன். மெதுவாக ஒடித்துப் பாருங்கள், எது எது என்று உங்களுக்கே தெரியும். காய்ந்து போயிருந்தால் ஊதிவிடாதீர்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவன்